கத்திரி வெயிலும் கிளெப்சியெல்லாவும்: எஃப்டிஐஆர் வைத்து ஸ்ட்ரெய்ன் பிரிக்கும் வழி

"அக்கா, கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டில் எஃப்டிஐஆர் மெஷின் பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. அதில் பாக்டீரியாவை வைத்தால் எந்த ஸ்ட்ரெய்ன் என்று சொல்லிவிடுமா?" காட்பாடிப் பக்கம் எம்.எஸ்சி. படிக்கிற தங்கை ஒருத்தி போன வாரம் கேட்டாள். போனில் ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

சொல்லும். எஃப்டிஐஆர் என்பது சாம்பிள் எந்தெந்த அகச்சிவப்பு அலையை எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கிற கருவி, அது வரைகிற கோட்டுப்படம் ஸ்பெக்ட்ரம், அதில் எழும்பும் மேடு பீக்; ஸ்ட்ரெய்ன் என்பது ஒரே இனத்துக்குள் ஒரு கிளை. ஆனால் "இது என்ன பாக்டீரியா?" என்று கேட்டால் அதைவிட நன்றாகச் சொல்ல புரோட்டீன்களின் எடையைப் பார்க்கிற மால்டி-டாஃப் இருக்கிறது, ஒரு ஜீனின் வரிசையைப் படிக்கிற 16எஸ் இருக்கிறது. பெயர் தெரிந்த பிறகு, ஒரே பெயர் வைத்திருக்கிற பன்னிரண்டு பேரில் யார் யாருக்குச் சொந்தம், யார் வேற்று ஆள் என்று பார்க்கத்தான் அகச்சிவப்பு. நம் ஊர் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயும் பக்கத்துக் கூடையில் இருக்கிறதும் இரண்டுமே கத்திரிக்காய்தான், காம்பில் கை வைத்தால்தானே வித்தியாசம் சுருக்கென்று தெரிகிறது. பாக்டீரியாவிலும் ஸ்ட்ரெய்னுக்கு ஸ்ட்ரெய்ன் நிறைய மாறுவது மேல்தோல்தான். கிளெப்சியெல்லா என்கிற பாக்டீரியாவில் கேப்சூல் என்கிற சர்க்கரைப் போர்வை, சால்மொனெல்லாவிலும் ஈ. கோலையிலும் ஓ-ஆன்டிஜன் என்கிற சர்க்கரைச் சங்கிலி, நிமோகாக்கஸில் செரோடைப் என்கிற அதன் உட்பிரிவைத் தீர்மானிக்கிற கேப்சூல். சர்க்கரை மாறினால் அது அகச்சிவப்பை விழுங்கும் விதமும் மாறும். இந்த முறையின் பலமும் பலவீனமும் இரண்டும் அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கின்றன, கடைசியில் திரும்ப வருகிறேன்.

முதலில் எந்தப் பீக் எங்கே என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அகச்சிவப்பில் அளவு அலை எண், அதாவது ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு. 3000 முதல் 2800 வரை கொழுப்பு. 1650-ஐ ஒட்டியும் 1540-ஐ ஒட்டியும் நிற்கிற இரண்டு பெரிய மலைகளும் புரோட்டீன், அமைடு ஒன்று, அமைடு இரண்டு. 1240 பக்கம் பாஸ்பேட், அது டிஎன்ஏ, ஆர்என்ஏ, செல் சவ்வு எல்லாவற்றிலிருந்தும் வரும். 1200 முதல் 900 வரை சர்க்கரை. ஸ்ட்ரெய்ன் பிரிப்பவர்களுக்குச் சோறு போடுகிற இடம் அந்தக் கடைசிப் பகுதிதான். புரோட்டீன் மலை எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஒரே இனத்துக்குள் அது பெரிதாக மாறாது, ஆகவே அதைப் பார்த்து மயங்க வேண்டாம். 1950களிலேயே அகச்சிவப்பில் பாக்டீரியாவைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அன்றைய கருவிக்கு அந்த நுணுக்கம் கைகூடவில்லை. ஃபூரியே மாற்றக் கருவியும் கணினியும் சேர்ந்த பிறகு, பெர்லினில் டீட்டர் நாவ்மன் குழு 1991-ல் நேச்சர் இதழில் எழுதியதிலிருந்துதான் இது ஒரு முறையாகவே நிலைத்தது. இன்று இதற்கென்றே புரூக்கர் நிறுவனத்தின் ஐஆர் பயோடைப்பர் என்ற கருவி வந்துவிட்டது. நம் கல்லூரிகளில் இருப்பது பெரும்பாலும் வைரப் படிகம் வைத்த ஏடிஆர் எஃப்டிஐஆர், அதாவது சாம்பிளைப் படிகத்தின் மேல் வைத்து அளக்கிற வகை. அதிலும் செய்யலாம், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

மெஷினுக்குப் போகும் முன்

என் மானம் போன கதையைச் சொன்னால்தான் இந்தப் பகுதி உறைக்கும். பன்னிரண்டு கிளெப்சியெல்லா ஐசோலேட், அதாவது தனித்தனியாகப் பிரித்தெடுத்த கல்ச்சர். மார்ச்சில் ஆறு அளந்தோம், மே மாதம் மீதி ஆறு. படம் போட்டுப் பார்த்தால் கத்தி வைத்து வெட்டிய மாதிரி இரண்டு கூட்டம். இரண்டு ஸ்ட்ரெய்ன் பரவியிருக்கிறது என்று வழிகாட்டியிடம் போய் வாய் நிறையச் சொல்லிவிட்டேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, நோட்டுப் புத்தகத்தை வாங்கி தேதியைப் பார்த்தார், "மார்ச்சையும் மேயையும் அழகாகப் பிரித்திருக்கிறாய்" என்றார்.

நடந்தது இதுதான். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. அறையின் சூட்டைவிட சில டிகிரி மேலே வைத்தால்தான் அது சொன்ன பேச்சைக் கேட்கும். அக்னி நட்சத்திரத்தில், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற லேபில், கரண்ட் போய் ஏசி நின்ற ஒரு மதியத்தில் அறையே 37-ஐத் தாண்டிவிட்டால் பாவம் அது என்ன செய்யும்? நம்பர் 37 என்று செட் செய்து வைத்திருந்த பெட்டிக்குள் தெர்மாமீட்டர் 41 காட்டியது. வளரும் சூடு மாறினால் செல் சவ்வின் கொழுப்பு மாறும், சர்க்கரைப் போர்வையின் கனமும் மாறும். மெஷின் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்ததை அப்படியே சொன்னது.

ஆகவே வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் எங்கே இருந்தாலும் சரி, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை குளிர்விக்கும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டரில் 37 வைத்து வளருங்கள். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள், முகப்பில் ஒளிர்கிற நம்பரை நம்பாதீர்கள். கரண்ட் போனால் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். எழுதும்போது கிறுக்குத்தனமாகத் தோன்றும், படம் போடும்போது அதுதான் காப்பாற்றும்.

மற்ற வளர்ப்பு விதிகளும் இதே ரகம்தான். எல்லா ஐசோலேட்டும் ஒரே மீடியத்தில், முடிந்தால் ஒரே நாள் ஊற்றிய ஒரே பேட்ச் பிளேட்டில் வளர வேண்டும். டிரிப்டிக் சோயா அகர் போதும், முல்லர்-ஹின்டன் அகரும் போதும், ஆனால் பாதி இதில் பாதி அதில் என்று வேண்டாம். பிளட் அகரில் வளர்த்தால் எல்லாமே பிளட் அகராக இருக்கட்டும். மைனஸ் 80-லிருந்து எடுத்த கல்ச்சரை நேராக அளக்காமல் இரண்டு தடவை பிளேட் மாற்றி எழுப்புங்கள், தூக்கம் கலைந்த பிறகுதான் அது சாதாரணமாக நடந்துகொள்ளும். நேரம் 24 மணி என்றால் 24 மணிதான், ஒன்றை 18-லும் இன்னொன்றை 30-லும் எடுத்தால் வயதைப் பிரிப்பீர்கள், ஸ்ட்ரெய்னை அல்ல. சனிக்கிழமை பிளேட் போடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கு வந்து எடுக்கிறேன் என்று சொன்ன ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை, நான் உட்பட.

எடுப்பதும் கழுவுவதும்

பிளேட்டில் புல்வெளி போல அடர்ந்து வளர்ந்த இடத்திலிருந்து எடுங்கள், தனிக் காலனியிலிருந்து வேண்டாம். லூப்பை அகரில் அழுத்தாமல் மேலாக வழித்து எடுங்கள். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அகர் என்பதே கடற்பாசியிலிருந்து வருகிற சர்க்கரைதான். லூப்போடு துளி அகர் வந்தாலும் அது 1070 பக்கமும் 930 பக்கமும் போய் உட்காரும், அதாவது நீங்கள் கேப்சூலைத் தேடுகிற அதே திண்ணையில்.

இன்னும் யார் யாரெல்லாம் அந்தத் திண்ணைக்கு வருகிறார்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கிருமியைக் கொல்ல ஊற்றுகிற எத்தனால் சரியாகக் காயவில்லை என்றால் 1045 பக்கம் ஒன்றும் 880 பக்கம் ஒன்றும் பீக் வரும். ஸ்டாக்கில் போட்ட கிளிசரால் கழுவப்படாமல் ஒட்டியிருந்தால் அதுவும் 1040 பக்கம்தான். படிகத்தைத் துடைத்த டிஷ்யூ பேப்பரின் நார், பஞ்சின் நார், எல்லாம் செல்லுலோஸ், அதுவும் சர்க்கரை. பிபிஎஸ் என்கிற பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலில் கழுவினால் அதிலுள்ள பாஸ்பேட் 1080-ஐச் சுற்றி ஒரு பெரிய மேடு போடும், அதனால் பிபிஎஸ் வேண்டவே வேண்டாம். சலைன் தேவலை என்பார்கள், உப்புக்கு இந்தப் பகுதியில் பீக் இல்லை என்பது உண்மைதான், ஆனால் காய்ந்ததும் உப்புப் படிகம் ஒளியைச் சிதறடித்து அடிக்கோட்டைச் சாய்த்துவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது.

ஒரு வேலை செய்யுங்கள். பாக்டீரியாவைத் தொடும் முன் ஒரு நாள் ஒதுக்கி, வெறும் அகர், வெறும் எத்தனால், வெறும் கிளிசரால், டிஷ்யூ நார், நீங்கள் பயன்படுத்தும் மீடியம், இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பிரிண்ட் எடுத்து மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் திருடர்கள் போட்டோ ஒட்டுவது போல. சந்தேகமான பீக் வந்தால் தலை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

ஸ்பெக்ட்ரம் எடுக்க இரண்டு வழி இருக்கிறது. சிலிக்கான் பிளேட் அல்லது துத்தநாக செலினைடு பிளேட்டில் ஒளி ஊடுருவும் முறை என்றால், ஒரு மைக்ரோலிட்டர் லூப் நிரம்ப எடுத்து 50 மைக்ரோலிட்டர் 70 சதவீத எத்தனாலில் கலக்கி, வோர்டெக்ஸ் என்கிற குலுக்கியில் கட்டி இல்லாமல் கரைத்து, இன்னொரு 50 மைக்ரோலிட்டர் தண்ணீர் சேர்த்து, அதில் 15 மைக்ரோலிட்டரை ஒரு புள்ளியாக வைத்து 37-ல் காயவையுங்கள். கிளெப்சியெல்லாவில் சில ஐசோலேட் கஞ்சி போல நூல் இழுக்கும், சின்ன உலோகக் குச்சியோ மணியோ போட்டு வோர்டெக்ஸ் செய்தால்தான் கரையும், கட்டி இருந்தால் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு வேறு வையுங்கள். ஏடிஆர் என்றால், எத்தனால் போட்டுக் கொன்ற பிறகு டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை சென்ட்ரிஃபியூஜ் செய்து கழுவி, இட்லி மாவு பதத்தில் இரண்டு மூன்று மைக்ரோலிட்டரை வைரத்தின் மேல் வைத்துக் காயவிட வேண்டும். அங்கே ஒளி செல்வது ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழம்தான், படலம் படிகத்தோடு ஒட்டிக் காய்ந்தால்தான் எதையாவது பார்க்கும்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பெக்ட்ரம் எடுங்கள். தண்ணீருக்கு 1640-ல் ஒரு பீக் உண்டு, அது நேராக அமைடு ஒன்றின் மேல் ஏறி உட்காரும். 3300 பக்கத்து மேடும் 1640-உம் இறங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிற்கும், அப்போது காய்ந்தது. மே மாதம் ஐந்து நிமிடத்தில் காய்கிறது ஐப்பசி மழையில் அரை மணி ஆகும், அதனால் "இத்தனை நிமிடம்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதை வேலூருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. பல எஃப்டிஐஆர் கருவிகளின் உள்ளே ஒளியைப் பிரிக்கும் துண்டு பொட்டாசியம் புரோமைடில் செய்தது, அது ஈரத்தை உறிஞ்சி மங்கிப்போகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள், மாறியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மெஷின் உங்களுடையது இல்லை, கெமிஸ்ட்ரிக்காரர்களுடையது என்பதையும் மறக்க வேண்டாம். உயிரோடு இருக்கிற கல்ச்சரை அவர்கள் அறைக்கு ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். எத்தனாலில் கொன்றது உண்மையிலேயே செத்ததா என்று துளி எடுத்துப் பிளேட்டில் போட்டு மறுநாள் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். காசநோய்க் கிருமி மாதிரியானவற்றை இந்த வழியில் யோசிக்கவே வேண்டாம், அதற்கு வேறு தர லேப் வேண்டும்.

அளப்பது

இது சுலபம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மெஷினை முன்கூட்டியே போட்டு நிலைக்கு வரவிடுங்கள். ரிசொல்யூஷன் 4 அல்லது 6, ஸ்கேன் 64, வீச்சு 4000-லிருந்து மெஷின் போகும் தூரம் வரை. ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்னால் புது பேக்ரவுண்ட், அதாவது சாம்பிள் வைக்காத வெறும் ஸ்பெக்ட்ரம், எடுங்கள். 2350 பக்கம் எட்டிப் பார்ப்பது நீங்கள் விட்ட மூச்சுக்காற்று, 1900-லிருந்து 1300 வரை முள் முள்ளாக வருவது நீராவி, இரண்டும் பேக்ரவுண்ட் பழசாகிவிட்டது என்று அர்த்தம். ஊடுருவும் முறையில் பெரிய பீக்கின் உயரம், அதாவது ஒளி உறிஞ்சல் அளவு, மிகக் குறைவாக இருந்தால் சத்தம் அதிகம், 2-ஐத் தாண்டினால் படலம் கனம், இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வையுங்கள். ஏடிஆரில் எடுத்ததையும் ஊடுருவும் முறையில் எடுத்ததையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள், ஏடிஆரில் ஒளி போகும் ஆழம் அலை எண்ணுக்கு ஏற்ப மாறுவதால் பீக் உயரங்களின் விகிதமே வேறு.

ஒவ்வொரு ஐசோலேட்டையும் மூன்று வெவ்வேறு நாள் வளருங்கள், ஒவ்வொரு நாளும் மூன்று புள்ளி வையுங்கள். ஒரே நாளில் ஒன்பது புள்ளி வைத்துவிட்டு ஒன்பது தடவை செய்தேன் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஒரு தடவைதான்.

கணக்கு

நேராக ஸ்பெக்ட்ரத்தை ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், மனசு உடைந்துவிடும். முதலில் சவிட்ஸ்கி-கோலே முறையில் 9 புள்ளி வைத்து இரண்டாம் வகைக்கெழு எடுங்கள், சாய்ந்த அடிக்கோடு போய் ஒட்டிக்கிடந்த பீக்குகள் பிரியும். அப்புறம் 1200 முதல் 900 வரை வெட்டி எடுத்து வெக்டர் நார்மலைஸ் செய்யுங்கள், படலம் கனமா மெல்லிசா என்ற வேறுபாடு அதில் போகும். பயோடைப்பர்காரர்கள் 1300 முதல் 800 வரை எடுக்கிறார்கள், அதையும் முயலலாம், ஆனால் எது என்று முடிவைப் பார்க்கும் முன் தீர்மானித்துவிடுங்கள். அதன்பின் ஸ்பெக்ட்ரங்களின் பெரிய வித்தியாசங்களை ஒரு புள்ளிப்படமாகச் சுருக்குகிற பிசிஏ, அப்புறம் ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தை வைத்துக் கிளைப்படம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் ஆரஞ்ச் என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ராஸ்கோபி ஆட்-ஆன் போட்டுக்கொண்டால் பெட்டிகளை இழுத்து இணைத்தே எல்லாம் செய்துவிடலாம். ஆர், பைத்தான் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிசிஏ படம் வந்ததும் கை பரபரக்கும், ஐசோலேட் வாரியாக நிறம் கொடுக்க. கொடுக்காதீர்கள். முதலில் தேதி வாரியாக நிறம் கொடுங்கள், அடுத்து மீடியம் பேட்ச் வாரியாக, அடுத்து யார் செய்தது என்று. இந்த மூன்றில் எதிலாவது நிறங்கள் பிரிந்து நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வளர்ப்புக்குத் திரும்புங்கள். மார்ச்-மே கதையை நான் இப்படிப் பார்த்திருந்தால் வழிகாட்டியிடம் போயிருக்கவே மாட்டேன்.

எங்கே கோடு கிழித்து "இவை ஒன்று, அவை வேறு" என்று சொல்வது? யாரோ எழுதிய நம்பரை எடுக்காதீர்கள். உங்கள் ஒரே ஐசோலேட்டின் மூன்று நாள் வளர்ப்பும் தங்களுக்குள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள், அதுதான் உங்கள் லேபின் நடுக்கம், கோடு அதற்கு மேல்தான் விழ வேண்டும். கூடவே, சம்பந்தமே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றிரண்டு ஸ்ட்ரெய்னையும், ஒன்றேதான் என்று தெரிந்த ஒரு ஜோடியையும் கூட்டத்தில் கலந்துவிடுங்கள். தெரிந்தவர்களைச் சரியாகப் பிரிக்காத படம் தெரியாதவர்களைப் பற்றிச் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்? எது எந்தக் கூட்டம் என்று முன்பே சொல்லிப் பழக்குகிற எல்டிஏ, மெஷின் லேர்னிங் என்று போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: ஒரே ஐசோலேட்டின் புள்ளிகளைப் பாதி பயிற்சிக்கும் பாதி பரிட்சைக்கும் போட்டால் நூற்றுக்கு நூறு வரும், அது கேள்வித்தாளை முன்னாடியே கொடுத்த பரிட்சை. ஐசோலேட்டை முழுசாக ஒரு பக்கம் வையுங்கள்.

சரி, முடிவை எப்படிப் படிப்பது. மெஷின் பார்ப்பது பெரும்பாலும் மேல்தோல் என்றேன். வெவ்வேறு வம்சத்தைச் சேர்ந்த இரண்டு கிளெப்சியெல்லா ஒரே வகை கேப்சூல் போர்த்தியிருந்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். ஒரே வம்சத்தில் ஒன்று கேப்சூலை மாற்றிக்கொண்டால் தள்ளிப்போய் உட்காரும். ஆகவே "சேர்ந்திருக்கிறது" என்றால் ஒன்றாக இருக்க வாய்ப்பு உண்டு என்று மட்டும் எழுதுங்கள். எந்த மருந்து கேட்கும், எந்த ரெசிஸ்டன்ஸ் ஜீன் இருக்கிறது என்பதற்கெல்லாம் இதை நம்ப வேண்டாம், பிளாஸ்மிட் என்கிற தனி டிஎன்ஏ வளையம் ஒன்று ஏறி இறங்கியது சர்க்கரைப் பகுதியில் தெரியாது. இதன் உண்மையான பயன் வேறு: டிஎன்ஏ சீக்வென்ஸிங்குக்கு நூறையும் அனுப்பக் காசு இல்லாதபோது எதை முதலில் அனுப்புவது என்று சில நாளிலேயே சொல்லும், சாம்பிளுக்கு ஆகும் செலவு எத்தனாலும் தண்ணீரும்தான்.

ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக் கழிவு மண்ணிலிருந்து குரோமியம் தாங்கும் பேசில்லஸ் எடுத்து புராஜெக்ட் செய்கிறவர்கள் நம் பக்கம் நிறைய, அவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பேசில்லஸ் ஸ்போர் என்கிற உறங்கும் வித்தைப் போடும். எத்தனால் ஸ்போரைக் கொல்லாது, அதனால் மேலே சொன்ன பாதுகாப்புச் சோதனையில் அது பிளேட்டில் முளைத்து வந்தே தீரும். ஸ்போரில் உள்ள கால்சியம் டிபிகோலினேட் 1615, 1570, 1440, 1380 பக்கங்களில் தன் பீக்கைக் காட்டும். சில பேசில்லஸ் பட்டினி கிடக்கும்போது உள்ளே பிஎச்பி என்ற சேமிப்புத் துகளை அடைத்துக்கொள்ளும், அது 1740-ல் கூர்மையாக நிற்கும். கொஞ்சம் வயதான கல்ச்சரில் செல்லும் ஸ்போரும் துகளும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்திருக்கும், ஒவ்வொரு நாளும் அந்த விகிதம் மாறும், நீங்கள் ஸ்ட்ரெய்ன் என்று நினைத்துப் பிரிப்பது அந்த விகிதத்தைத்தான். இளசாக எடுங்கள், ஸ்டெய்ன் போட்டு ஸ்போர் இல்லை என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகு அளங்கள், 1740-ல் எதாவது நின்றால் அந்த பிளேட்டை விட்டுவிடுங்கள்.

எங்கள் பன்னிரண்டையும் ஜூலையில் பி.ஓ.டி. இன்குபேட்டரில் முதலிலிருந்து வளர்த்தோம், மூன்று நாள், நாளுக்கு மூன்று புள்ளி. மார்ச் கூட்டமும் மே கூட்டமும் ஒன்றோடொன்று கலந்து ஒரே கொத்தாக வந்து உட்கார்ந்தன. ஏழாம் நம்பர் மட்டும் மூன்று நாளும் அசையாமல் தனியாகவே நின்றது. மே மாதப் படத்தில் அது கூட்டத்துக்குள் ஒளிந்திருந்தது, நாங்கள் கவனிக்கவே இல்லை. அதையும் கொத்திலிருந்து இரண்டையும் சீக்வென்ஸிங்குக்கு அனுப்பினோம். ஏழுக்கு கேப்சூல் வகை வேறு என்று வந்தது.